வெந்நீர் நாள்

மேற்பார்வைக்குப் போகிறவன் கண்ணில் படுவதெல்லாம் அவனுக்குக் காட்டவென்றே எடுத்து வைத்தவை. என்னைப் போல இந்த வேலையில் மாட்டியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. யுத்த காலத்தில் மலைநாட்டில், இரத்தோட்டைக்கு மேலே, அங்கவீனப் பெண்களுக்கான ஓர் இல்லம் சீர்கெட்டுக் கிடந்தது. கண்காணித்து அறிக்கை தரச் சொல்லி நீதிமன்றம் என்னை நியமித்தது. தேறாவிட்டால் மூடிவிடுவார்கள்.

முதல் தரிசனம்

வழியெல்லாம் சோதனைச் சாவடி. அதனால் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் போனேன். அடடா, என்ன சுத்தம்! மடிப்புக் கலையாத பெட்ஷீட்கள், ஈரத்தலையோடு பெண்கள். கால் விளங்காத தேயிலைத் தோட்டத்துப் பெண் சரசு என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"ஐயா, நீங்க தெனமும் வாங்க. நீங்க வர்ற அன்னைக்கித்தான் எங்களுக்கு வெந்நி."

பூட்டிய நாற்காலி

அடுத்த முறை சொல்லாமல் போய் நின்றேன். நடுப்பகலிலும் எல்லாரும் படுக்கையில். சரசுவின் சக்கர நாற்காலி, பொலித்தீன் உறைகூடப் பிரிக்காமல், ஸ்டோருக்குள் பூட்டியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் கொடுக்கவில்லை என்று மேட்ரனிடம் கத்தினேன். அந்த அம்மாள் அசரவில்லை.

"பழுதாப் போனா, பாக்க வர்றவங்களுக்கு எந்தச் சேரைக் காட்டுறது?"

ஒரே வேன்

மூடிவிடலாம் என்றே அறிக்கை எழுதினேன். மூடினால் தமிழ்ப் பெண்கள் ஓர் இல்லத்துக்கு, சிங்களப் பெண்கள் வேறொன்றுக்கு. சரசுவின் பக்கத்துக் கட்டில் சிங்களப் பெண் மெனிக்கேவுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. அவளது கைச்சாடை விளங்குவது சரசுவுக்கு மட்டும்தான். இதை நான் யோசிக்கவேயில்லை. இல்லத்தைப் பார்க்க வந்த நீதவானிடம், மெனிக்கேயின் கையைப் பிடித்தபடி சரசு சிங்களத்தில் சொன்னாள். தமிழில் இப்படி வரும்:

"மூடுறதுன்னா மூடுங்க, ஐயா. எங்க ரெண்டு பேரையும் ஒரே வேன்ல ஏத்துங்க."

கடைசி விசிட்

அதைக் கேட்ட நீதவான் இல்லத்தை மூடவில்லை. நிர்வாகத்தை மாற்றினார்கள், மேட்ரனும் போனார். சில மாதம் கழித்துப் போனேன். வாசலில் யாரும் காத்திருக்கவில்லை. சேறு அப்பிய நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மெனிக்கே ரோட்டிலிருந்து வந்தாள். என்னைக் கண்டதும் ஏதோ கைச்சாடை காட்டினாள். சரசு விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"இப்பதான் தெனமும் வெந்நி கெடைக்குதே, இந்த மனுசன் இன்னும் எதுக்கு வர்றாருன்னு கேக்குறா, ஐயா."

என் உத்தியோகத்தில் நான் வாங்கிய ஒரே நற்சான்றிதழ், இனி வர வேண்டாம் என்பதுதான்.