இடிகாரும் மச்சானும்

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எங்களைத் தெரிந்த ஆட்கள் எங்கள் காரை ‘இடிகார்’ என்றுதான் சொல்வார்கள். பகிடிக்கு வைத்த பெயர்தான், ஆனாலும் பொருத்தமான பெயர். பாரிசுக்கு வெளியே, கோதுமை வெட்டி முடித்த வயல்களில், கோடை முழுக்க ஸ்டொக் கார் ஓட்டம் நடக்கும். பழைய காரின் கண்ணாடி, விளக்கு, இருக்கை எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இரும்புக் கூடு ஒன்றைப் பற்றவைத்து, மண் தடத்தில் வட்டமடித்து ஓட்டுவார்கள். இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போகலாம். ஓட்டுபவரின் பக்கத்துக் கதவில் மட்டும் இடிக்கக் கூடாது. அந்த வயல்களில் நாங்கள் நாலு கோடை ஓடினோம். நாங்கள் என்றால் நான், என் மனைவி, அவளுடைய தம்பி. அதாவது என் மச்சான்.

நான் லா சப்பல் கடைகளுக்கு மரக்கறி இறக்கும் வான் ஓட்டுகிறேன். மச்சானுக்கு பொபினியில் ஒரு கராஜில் வேலை. இரும்பு பற்றவைப்பதில் கெட்டிக்காரன். அதை இப்போதும் மறுக்க மாட்டேன், மறுக்க எவ்வளவு ஆசையாக இருந்தாலும். என்னோடு வேலை செய்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் தன் கிராமத்துத் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார். போனால், தேரும் இல்லை, மேளமும் இல்லை. வயலுக்குள் கார்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. முதலில் பைத்தியம் பிடித்தது என் மனைவிக்குத்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவனுக்கு, “வெட்டு, உள்ளாலை வெட்டு!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். திரும்பி வரும் வழியில் மூன்று பேரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம்.

பாரிசின் ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கம் சலூன் வைத்திருக்கும் ஒருவருடைய கார், தெருவில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் கொந்த்ரோல் தெக்னிக் சோதனையில் தேறாமல் தெருவோரம் நின்றது. “கொண்டு போங்கோ, இது என்ரை கண்ணுக்கு முன்னாலை நிக்கவேண்டாம்” என்று தந்துவிட்டார். மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜின் பின்பக்கத்தில் அதைக் கழற்றினான். நான் பிடித்துக் கொடுத்தேன். மனைவி கதவுக்கு மஞ்சள் நிறம் அடித்தாள்.

முதல் ஓட்டத்துக்கு முன்னர் காரை ட்ரெய்லரில் ஏற்றி, பூசை செய்ய ரூ பஜோல் தெருக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். “கண்ணாடியும் இல்லை, லைற்றும் இல்லை. எங்கையப்பா அடிபட்டது?” என்று இரக்கத்தோடு கேட்டார்.

“இன்னும் அடிபடேல்லை ஐயா, இனித்தான்” என்றான் மச்சான்.

ஐயருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தக் கார் தெருவில் ஓடக் கூடாது என்பதால், தேசிக்காய்களை ட்ரெய்லரின் சில்லுக்குக் கீழே வைத்தே நசித்தோம்.

கார் என்னுடையது, அதனால் ஓட்டுவதும் நான். இந்த விளையாட்டில் ஒரு காரோடு வரும் சின்னக் குழுக்கள் எல்லாம் அப்படித்தான். ஆனாலும் மச்சானுக்கு ஸ்டியரிங்கைக் கண்டால் கை துருதுருக்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் சுற்றை அவனுக்கு விட்டுக்கொடுப்பேன். அவன் ரேடியேட்டரை உடைத்துக்கொண்டு வருவான், பிறகு அவனே திருத்துவான். நான் திட்டுவேன். மனைவி இரண்டு பேரையும் திட்டுவாள். சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

பெரிய குழுக்களிடம் மூன்று நாலு கார்கள் இருந்தன. ஒன்று வெல்லப் போகும், மற்றவை அதற்கு வழிவிட்டு எதிரிகளை மறிக்கும். எங்களிடம் இருந்ததோ மூன்று வோக்கிகள்தான். விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கிய சாதாரண வோக்கிடோக்கிகள். மனைவி ட்ரெய்லரின் மேல் ஏறி நின்று முழுத் தடத்தையும் பார்ப்பாள். “பின்னாலை நீலக் கார் வாறான், வலப்பக்கம் மறியுங்கோ, இப்ப உள்ளை விடுங்கோ” என்று என் ஹெல்மெட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பாள். கண்ணாடி இல்லாத காருக்குள் சேறு பறக்கும்போது எனக்குக் கண்ணே அவள்தான். அந்த அலைவரிசையை யாரும் கேட்கலாம். கேட்டார்கள். பக்கத்துக் குழுக்காரர்கள் எங்கள் பேச்சைச் சத்தமாக வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்பதையும் கண்டிருக்கிறேன். ஒருத்தி வந்து, இது என்ன இரகசியக் குறியீடா என்று மனைவியிடம் கேட்டாள். இல்லை, வீட்டில் பேசும் மொழிதான் என்றாள் மனைவி. அந்த வயலில் எங்கள் மூவரையும் தவிர ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அதைவிடப் பெரிய பூட்டு எங்களுக்குத் தேவைப்படவில்லை.

நாலாம் கோடை தொடங்கும் முன்னர், மச்சான் என்னை லா சப்பலில் தேத்தண்ணிக் கடைக்குக் கூப்பிட்டான். கிளாசைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

“அத்தான், கோவிக்காதேங்கோ. அந்த நீலக் கார்க்காரர் தங்கடை காரை ஓடச்சொல்லிக் கேக்கினம்.”

நீலக் கார்க்காரர் என்றால் ஒரு கமக்காரக் குடும்பம். அவர்களிடம் சொந்த வயல், சொந்தப் பட்டறை, வரிசையாக நீலக் கார்கள். நான் கோபிக்கவில்லை. எனக்கு நெஞ்சில் ஒரு குத்துத்தான், ஆனால் நியாயமான ஆசைக்கு எப்படிக் குறுக்கே நிற்பது? “போய் ஓடடா. என்னை இடிக்கேக்கை மட்டும் பாத்து இடி” என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். முதல் ஓட்டத்தன்று, மனைவி அவனுடைய புதுக் குழுவுக்கு ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸ் செய்து கொடுத்தாள். எதிரிகளுக்கு ரோல்ஸ் சுட்டுக்கொண்டுபோன ஒரே குழு நாங்களாகத்தான் இருக்க வேண்டும்.

அன்றைக்குக் காரை இறக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. “சானலை மாத்துவமோ? அவன்ரை வோக்கி அவனிட்டைத்தானே நிக்குது” என்றேன்.

மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “என்ரை தம்பி ஒளிச்சு நிண்டு கேப்பானெண்டு சொல்லுறியளோ?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

“வேறை என்ன சொல்லுறியள்? சானலை மாத்தினால் அவனைக் கள்ளன் எண்டு சொன்ன மாதிரி. மாத்தவேண்டாம்.”

மாற்றவில்லை. அவளுடைய பேச்சில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. சொந்தக்காரனுக்கு முன்னால் கதவைப் பூட்டுவது எங்கள் வீடுகளில் பெரிய அவமானம். வீட்டுப் பழக்கத்தை வயலுக்குக் கொண்டுபோனது எங்கள் மடத்தனம் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு யார் சொல்லியிருந்தாலும் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்தக் கோடை எங்களுக்கு ஒன்றுமே சரிவரவில்லை. நான் உள்பக்கம் வெட்டப் போனால் அங்கே ஒரு நீலக் கார் நிற்கும். வெளியே எடுத்தால் வெளியே நிற்கும். எனக்கு வயது போய்விட்டது, கை மந்தமாகிவிட்டது என்று நினைத்தேன், வோக்கியில் மனைவியிடமும் சொல்லி நொந்துகொண்டேன். வானை ஓட்டும்போதுகூட என்மேலேயே சந்தேகம் வந்தது. “நான் பிந்திச் சொல்லுறனோ?” என்று மனைவி தன்னையே நொந்துகொண்டாள். சுற்றுகளுக்கு நடுவில் நாங்கள் வோக்கியிலேயே வீட்டுக் கதையும் கதைப்போம். “தம்பி மெலிஞ்சு போனான், ஒழுங்காச் சாப்பிடுறானில்லைப் போலை. ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லோணும்” என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வந்தான். சாப்பிட்டான். “என்ன அத்தான், இந்த முறை கார் இழுக்குதில்லையோ?” என்று கேட்டான். நானும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

கடைசி ஓட்டம் வந்தது. அடுத்த வருடம் தடத்தைச் சிறிதாக்கப் போவதாகவும், இறுதிச் சுற்றை ஓடி முடிக்கும் குழுக்களுக்கு மட்டுமே இனி இடம் என்றும் ஓட்டத்தை நடத்துபவர்கள் சொல்லிவிட்டார்கள். வெல்லத் தேவையில்லை. முடித்தால் போதும். முடிக்காத குழுவின் இடம், நிறையக் கார் வைத்திருக்கும் குழுக்களுக்குப் போகும். முடிக்காவிட்டால் இடிகாரின் கதை அன்றோடு சரி.

இறுதிச் சுற்றுக்குக் கார்கள் வரிசைக்குப் போகும்போதுதான் என் ரிவேர்ஸ் கியர் போய்விட்டதைக் கண்டேன். முன்னுக்குப் போகும் கியர்கள் எல்லாம் விழுந்தன, பின்னுக்கு எடுக்க மட்டும் வழியில்லை. இந்த ஓட்டத்தில் அது பெரிய ஊனம். தடத்தைச் சுற்றி மண் அணை கட்டியிருப்பார்கள். அதில் மூக்கைக் குத்திக்கொண்டால், பின்னுக்கு எடுக்க முடியாத கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

வோக்கியில் சொன்னேன். மனைவி கொஞ்சம் யோசித்தாள். “ஒருத்தருக்கும் தெரியாதுதானே. நடுவாலை ஓடுங்கோ. மண் பக்கம் மட்டும் போகாதேங்கோ. நான் பாத்துச் சொல்லுறன்” என்றாள்.

நடுவால் ஓடினேன். நன்றாகவே ஓடினேன். இரண்டு கார்கள் நின்றுபோயின, ஒன்று புகைந்தது. நான் யாரையும் இடிக்கவில்லை, என்னையும் யாரும் பொருட்படுத்தவில்லை. முடித்துவிடுவோம் என்ற நம்பிக்கை எனக்கு வந்த நேரத்தில், முன்னால் ஓடிக்கொண்டிருந்த மச்சானின் நீலக் கார் வேகத்தைக் குறைத்தது. வெல்லக்கூடிய இடத்தில் இருந்தவன், ஏன் குறைக்கிறான்? “கவனம், தம்பி பின்னுக்கு வாறான்” என்றாள் மனைவி. அவளுடைய குரலில் பயம் இல்லை. அவன் எனக்குப் பக்கத்தில் வந்தான். என் முன் சில்லோடு தன் காரை அணைத்து, அவசரமே இல்லாமல், என்னை மண் அணைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். கதவில் இடிக்கவில்லை, சட்டப்படிதான் எல்லாம் செய்தான். மூக்கு அணைக்குள் குத்தியது. நான் கியரை முறித்துவிடுகிற மாதிரி இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவன் போய்விட்டான். வளைவால் வந்த இன்னொரு கார் என் பின்பக்கத்தில் ஏறியது. இடிகார் பக்கவாட்டில் எழும்பி, மெல்ல யோசித்து, தலைகீழாகப் பிரண்டது.

பெல்ற்றில் தொங்கிக்கொண்டிருந்தேன். வாய்க்குள் மண். சிவப்புக் கொடி காட்டிவிட்டார்கள் போல, எஞ்சின் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மனைவி ஹெல்மெட்டுக்குள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் கை பொத்தானை எட்டவில்லை. அப்போது அதே வோக்கியில் இன்னொரு குரல் கேட்டது.

“அத்தான், அத்தான், அடிபட்டிட்டுதோ? கையை ஆட்டுங்கோ. ரிவேர்ஸ் இல்லையெண்டு தெரியுந்தானே, அதாலைதான் நான் மெதுவாத் தள்ளினனான். பிரளுமெண்டு நினைக்கேல்லை அத்தான்.”

உண்மையிலேயே பயந்துதான் கேட்டான். அந்தப் பயம்தான் அவனைக் காட்டிக்கொடுத்தது. ரிவேர்ஸ் இல்லை என்பதை நாங்கள் அந்த வோக்கியைத் தவிர இந்த உலகத்தில் வேறு எங்கேயும் சொல்லவில்லை. இந்தக் கோடை முழுவதும் அவன் எங்களுடைய காதுக்குள்ளேயே இருந்திருக்கிறான். என்னை ஒவ்வொரு வளைவிலும் மறித்தது அவன் கேட்டுச் சொன்ன சொல். நான் என்னையே கிழவன் என்று நொந்துகொண்டதையும் கேட்டிருக்கிறான். அவன் மெலிந்துபோனான் என்று அவனுடைய அக்கா கவலைப்பட்டதையும் கேட்டுவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து அவளுடைய கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். துரோகம் என்ற சொல்லை மேடைகளில் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப் போயிருந்தது. அன்றைக்குத்தான் அது என் வீட்டுக்குள் வந்தது.

யாரோ ஓடி வந்து பெல்ற்றை அறுத்தார்கள். என் கை விடுபட்டது, நான் பொத்தானைத் தேடினேன். அவனுக்குச் சொல்ல என்னிடம் நல்ல தூசண வார்த்தையாக நிறைய இருந்தது. அதற்குள் மனைவி பேசினாள். பிரெஞ்சில் பேசினாள். தபால் கந்தோரில் முன்பின் தெரியாத ஆளோடு பேசுவதுபோல, ‘நீங்கள்’ என்பதற்கான ‘வூ’ போட்டு மரியாதை வைத்து, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

“முசியே, இந்த அலைவரிசையில் ஒரு குடும்பம் பேசிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து நீங்கள் வெளியே போங்கள்.”

பிறகு அவன், “அக்கா” என்றான்.

அவள் அதே வசனத்தை இன்னொரு முறை, அதே மரியாதையோடு, பிரெஞ்சில் சொன்னாள்.