ராஜப்ரியா கட்டிய உள்ளூடு

பூட்டிய பூட்டை ராஜப்ரியா மறுபடி திறக்கிறாள். திறந்து பார்த்த திருப்தியோடு திரும்பப் பூட்டுகிறாள். "பூட்டறது பெருசில்லீங்க. திரும்பத் தொறக்கோணும், அதான் பெருசு" என்பாள். இப்படி ஒவ்வொரு நாளும் ஆபீஸ் வாசலில் அவளுக்கு ஐந்து நிமிடம் போகும்.

அரவேணுவுக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் எல்லாம் அவள் பொறுப்பு. வயது முப்பத்தாறு. அப்பா கோயமுத்தூரிலிருந்து வந்து மளிகைக்கடை போட்டவர். சாயங்காலம் தன் மப்ளரைக் கழற்றி, பனி இறங்காதபடி கீபோர்டின் மேல் போர்த்திவிட்டு, காது சிவக்க வீட்டுக்குப் போவாள். சுற்றிலும் தேயிலை, அவள் குடிப்பதோ காப்பி. இலை விலை விழுந்ததற்கு இவளும் ஒரு காரணம் என்று ஹெட் கிளார்க் சிவகுரு கேலி செய்வார்.

விலை விழுந்தது என்னவோ கேலியில்லை. இது 2014. ஃபேக்டரி வாரத்துக்கு ஐந்து நாள்தான் ஓடுகிறது. செலவு மிச்சம் என்று தொழிலாளர் பதிவேட்டுப் புத்தகத்தை நிறுத்தி, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே வைத்தார்கள். இப்போது ஆபீஸையே குன்னூர் ஆபீஸோடு சேர்க்கிறார்கள். யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார்கள், யார் நிரந்தரம் என்பதெல்லாம் இருக்கும் பழைய சர்வரை வெள்ளிக்கிழமை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அழித்து விற்றுவிடுவார்கள். நகல் ஃபேக்டரி மூலையில் இருக்கும் பேக்கப் சர்வரில் பத்திரம்.

"பத்திரம்னு யாருங்க சார் பாத்தது?" என்றாள் ராஜப்ரியா.

"பச்ச லைட்டு எரியுதேம்மா" என்றார் சிவகுரு.

பச்சை விளக்கையெல்லாம் நம்புகிற ஆளா அவள்? வெள்ளிக்கிழமை காலை தன் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கினாள். விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். அவள் வாயில் அது 'உள்ளூடு', வீட்டுக்குள் இன்னொரு வீடு. தன்னிடமிருந்த நான்கு ஜிபி நினைவகத்தில் இரண்டை அதற்குக் கொடுத்தாள். அதன் நெட்வொர்க்கைத் துண்டித்தாள். "உள்ளூட்டுக்கு வாசல் வெக்கக் கூடாதுங்க. தாந்தான் நெச சர்வர்னு நெனச்சு வெளிய வந்து வேல பாக்க ஆரம்பிச்சுரும்." பிறகு நகலை அதற்குள் இறக்கினாள். நிஜ சர்வர் நாளைக்கே செத்தாலும் நகலை வைத்துப் பிழைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

உள்ளூடு உயிர்பெற்று எழுந்தது. சிவகுரு கைதட்டினார். அவள் தட்டவில்லை. ஒரு பெயரைத் தேடினாள்: தபித்தாள். ஒன்பது வருஷம் தற்காலிகமாகக் கொழுந்து பறித்து, போன ஜனவரியில்தான் நிரந்தரமானவள். பெயர் இல்லை. அவளோடு நிரந்தரமான பத்துப் பேரும் இல்லை. பதிவுகள் முந்தின செப்டம்பரோடு நின்றிருந்தன.

காரணம் ராஜப்ரியாவுக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து வராது, சர்வருக்கு வேலை இல்லை என்று, வாராவாரம் அன்றிரவு நகல் எடுக்கும்படி வைத்தது அவள்தான். மின்சாரம் மிச்சம் பிடிக்க, ஞாயிறு மாலை ஃபேக்டரி மெயினை அணைத்து செவ்வாய் காலைதான் போட வேண்டும் என்ற சுற்றறிக்கையை டைப் அடித்ததும் அவள்தான். நகல் எடுக்க வேண்டிய நேரத்தில் பேக்கப் சர்வருக்கு மின்சாரமே இல்லை; எட்டு மாதமாக ஒரு நகலும் எடுபடவில்லை.

வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்தது. "அதான் ஓடுதேம்மா, கழட்டிரலாமா?" என்று சிவகுரு சர்வரின் பிளக்கை நோக்கிப் போனார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. "ஓடுதுங்க. ஆனா ஆளுங்க இல்லீங்க. தப்பு எம்பட தப்புங்க சார்" என்றவள், எட்டி சர்வரின் சுவர் சுவிட்சை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

ஒரு கையால் பொத்தியபடி, மறு கையால் புதிதாக நகலெடுத்தாள். முதலில் கட்டிய உள்ளூட்டை அழித்தாள். மறுபடி கட்டி, புது நகலை இறக்கினாள். டிரைவர் மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்தார். மணி ஒன்றரையானது. பட்டியல் திரையில் வந்தது. இந்த முறை அவள் தன் கண்ணையும் நம்பவில்லை. ஆளனுப்பித் தபித்தாளையே கூப்பிட்டாள்.

செடியின் ஈரம் படாதிருக்கக் கட்டும் சாக்குப் படங்கை அவிழ்க்காமலே வந்த தபித்தாள், என்னமோ ஏதோ என்று பயந்து நின்றாள்.

"ஒண்ணுமில்லீங்க்கா. இதுல உங்க பேரு இருக்குதான்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

தபித்தாள் ஈர விரலைத் திரையில் வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கினாள். விரல் நின்றது. "இந்தா இருக்கேன், கிளார்க்கம்மா. ஜனவரி ஆறாந்தேதி. பெர்மனென்ட்டுன்னும் போட்ருக்கு."

ராஜப்ரியா சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.