சித்தப்பாவுக்குப் பிடிக்காத பெட்டிகள்

ஹைதராபாத் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. பாட்டு மாறும்போதுதான் தொல்லை. ரேடியோ, ரெக்கார்ட் பிளேயர், கேசட் டெக் என்று மூன்று இருந்தன, ஆம்ப்ளிஃபையர் ஒன்றுதான். இசைத்தட்டு முடிந்து ரேடியோ கேட்க வேண்டுமென்றால் அப்பா மேஜைக்குப் பின்னால் தலையை நுழைத்து ஒரு ஒயரைப் பிடுங்கி இன்னொன்றைச் செருக வேண்டும். அதற்குள் செய்தி முடிந்து வானிலை வந்துவிடும்.

ஒருநாள் தவறான ஒயரைப் பிடுங்கியதில் ஸ்பீக்கர் உறுமிய உறுமலுக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. அன்றே அப்பா முடிவு செய்தார். மூன்றையும் ஒரே பெட்டியில் இணைத்து, குமிழைத் திருப்பினால் வேண்டியது மட்டும் ஆம்ப்ளிஃபையருக்குப் போகிற மாதிரி ஒரு பிரீ-ஆம்ப் வாங்க வேண்டும். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, எங்களோடு தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு. துணைக்கு நான்.

கோட்டி கடைத்தெருவில் ஒரு ரேடியோ கடை. முதலாளி வேலூர்ப் பக்கத்துக்காரர். எந்நேரமும் உள்ளே எதையாவது சால்டரிங் செய்துகொண்டிருப்பார். கல்லாவில் அவர் மகள், ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த அக்கா. ஆமாம் என்பதற்கு 'ஹவ்', இல்லை என்பதற்கு 'நக்கோ' என்று அவள் தமிழில் ஊர் உருது கலந்திருக்கும். "வீட்டுல மாட்டிக் கேளுங்க, பிடிக்கலைன்னா கொண்டாங்க" என்று முதல் பெட்டியைக் கொடுத்தாள்.

அதில் கேசட் ஓடும்போது அடியில் ரேடியோ முணுமுணுத்தது. திருப்பிக் கொடுத்தோம். அடுத்ததில் இசைத்தட்டுப் பாட்டெல்லாம் ஜலதோஷம் பிடித்தாற்போல் வந்தது. அதுவும் நிஜமான குறைதான். அதற்கடுத்த பெட்டியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சித்தப்பா மட்டும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "குமிழ் கொஞ்சம் வழுக்குது" என்றார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மறுபடி கோட்டிக்குக் கிளம்பினார்.

"ஹவ், வருவீங்கன்னு தெரியும். இன்னிக்கு என்ன கம்ப்ளைன்ட்?" என்று அக்கா சிரித்தாள்.

"குமிழ் வழுக்குது."

"நக்கோ நக்கோ, குமிழ் வழுக்கலை. உங்க கைதான் வேர்த்திருக்கு!"

சித்தப்பா கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். எனக்கு உஸ்மானியா பிஸ்கட் கிடைத்தது. வேறு பெட்டியோடு திரும்பினோம். அதற்கும் ஒரு குறை இருந்தது.

கடைசியில் அப்பா பொறுமையிழந்தார். ஒரு மாலை வேலை முடிந்து நேரே கோட்டிக்குப் போய், கொடுத்த டீ ஆறுவதற்குள் ஒன்றைப் பிடித்து வாங்கி வந்துவிட்டார். ரேடியோ, இசைத்தட்டு, கேசட், குமிழைத் திருப்பத் திருப்ப ஒவ்வொன்றும் கணீரென்று வந்தது. நான் கூடமெல்லாம் குதித்தேன். சித்தப்பா மட்டும் பரீட்சையில் நம்பர் வராதவர் போல உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் இடது ஸ்பீக்கரில் காதை வைத்து, "இதுல ஒரு இரைச்சல் இருக்குண்ணா" என்றார்.

அப்பாவும் காது வைத்தார். "ஒண்ணும் இல்லையேடா!"

நானும் வைத்தேன். "இல்லவே இல்லை சித்தப்பா!" என்று நல்லது செய்கிற நினைப்பில் கத்தினேன்.

அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தாள். ஸ்பீக்கர் பக்கமே போகவில்லை. சித்தப்பாவைப் பார்த்தாள், காலையிலேயே அவர் போட்டிருந்த சலவைச் சட்டையைப் பார்த்தாள்.

"எனக்குக் கேக்குது. நல்லாவே கேக்குது" என்றாள். பிறகு அப்பாவிடம், "கிளம்புங்க. எல்லாருமாப் போய்ப் பேசிட்டு வந்துடலாம்."

அப்பா வாயைத் திறந்தார், மூடினார், மெல்லச் சிரிக்கத் தொடங்கினார்.

அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். கூடையில் பழம், பூ, வெற்றிலை பாக்கு. ஒரு ரிப்பேருக்கு இத்தனை மரியாதையா என்று எனக்கு ஆச்சரியம். பஸ் சந்தோஷ்நகரைத் தாண்டும்போதுதான் கவனித்தேன், யார் கையிலும் அதைக் காணோம்.

"அம்மா! பெட்டியை மறந்துட்டோம்!" என்று அலறினேன்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார். சித்தப்பாவின் காது சிவந்துபோனது. இறங்கிப் போய் எடுத்து வந்துவிடலாம் என்று கோட்டி வரைக்கும் மன்றாடினேன். இவ்வளவு பெரியவர்கள், இவ்வளவு முக்கியமான சாமானை விட்டுவிட்டு, எதற்காக இப்படிச் சிரித்துக்கொண்டு போகிறார்கள் என்று எனக்கு ஒரே கோபம்.