பிரஷர் அக்காவும் நீட்டாத கைகளும்

பிரஷர் பார்க்கிற மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலையில், எந்த வீட்டிலும் உட்காரச் சொல்வார்கள், காபி கொடுப்பார்கள், சம்பந்தி வீட்டுச் சண்டை வரைக்கும் சொல்வார்கள்; பெண்கள் தங்கள் கையை மட்டும் நீட்ட மாட்டார்கள். கரண்ட் ரீடிங் எடுக்கிறவர்களுக்கும், வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு அலைகிற டீச்சர்களுக்கும் என் கஷ்டம் புரியும். ரீடிங் எடுக்கிறவர் கொஞ்சம் கொடுத்து வைத்தவர். மீட்டர் எதிர்த்துப் பேசாது.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம், நெசவாளர் தெருக்களில் ஆறு வருஷமாக அலைகிறேன். அதற்கு முன்னால் நானும் வீட்டில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தவள்தான். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, பெண்களுக்கும் மாரடைப்பு வரும் என்று எடுத்துச் சொல்வது, இதுதான் வேலை. மாத்திரை கொடுப்பது ஒன்றுதான் சுலபம். தெருவில் என் சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. 'பிரஷர் அக்கா' என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும்.

அடுப்பங்கரை ரீடிங்

வசந்தா வீட்டில் எனக்கு எப்போதும் ராஜ உபசாரம். நான் போனதும் கணவரைத் தறியிலிருந்து எழுப்பிக்கொண்டு வந்து உட்கார வைப்பாள். அடுத்து மாமியார். அடுத்து, இருபத்திரண்டு வயதில் கல் மாதிரி இருக்கிற மகன். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றால் அவரையும் இழுத்து வருவாள். வசந்தாவின் கை மட்டும் மாவிலோ, பாத்திரத்திலோ, அரிசி களைகிற தண்ணீரிலோ இருக்கும். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். இப்படி மூன்று மாதம் போனது.

நான்காம் மாதம் நான் கூடத்தில் உட்காரவே இல்லை. நேராக அடுப்பங்கரைக்குப் போய்ப் பலகையைப் போட்டு உட்கார்ந்து, அடுப்பை அணைக்கச் சொன்னேன். தப்பிக்க வழியில்லாமல் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ரீடிங் நூற்று எழுபத்தைந்தைத் தொட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை எடுத்தேன். அதேதான். அவளுடைய அம்மா ஐம்பது வயதில் நெஞ்சு வலியில் போனவர் என்பது எனக்குத் தெரியும். அதனால் கையைப் பிடித்துக்கொண்டு, இனி தினமும் மாத்திரை போட்டாக வேண்டும், விட்டால் இதயத்துக்கு ஆபத்து என்று மெதுவாகச் சொன்னேன். வசந்தா மிஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்காக வருத்தப்பட்டாள்.

"அடுப்பாண்ட வெச்சு எடுத்தியா, அதான் மிஷினு சூடாயிருக்குது. பாவம், வெளியில கொண்டுபோய் வைம்மா."

ஆண்கள் வந்த கூட்டம்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு, நிறைய ஆசை. தெருவிலேயே ஒரு கூட்டம் போட்டு, பெண்களுக்கு வரும் மாரடைப்பைப் பற்றிப் படம் வைத்து விளக்கலாம் என்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது மட்டும் மாரடைப்பு இல்லை, பெண்களுக்கு முதுகு வலியாக வரும், தாடை வலியாக வரும், காரணமில்லாமல் வேர்த்துக் கொட்டும், மூச்சு வாங்கும், அதையெல்லாம் அவர்கள் வாயு என்று சொல்லி மோர் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள், இதை மாற்ற வேண்டும் என்றார். நான் வீடு வீடாகப் போய் அழைத்தேன். பள்ளிக்கூட வராந்தாவில் ஜமுக்காளம் விரித்தோம்.

நாலு மணிக்குக் கூட்டம். நாலேகாலுக்கு வராந்தா நிரம்பிவிட்டது, அத்தனையும் ஆண்கள். சட்டை மாற்றி, விபூதி பூசி, ஒழுங்காக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா படத்தைச் சுருட்டவா விரிக்கவா என்று என்னைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த நெசவாளர் ஒருவரிடம், வீட்டுப் பெண்களைத்தானே கூப்பிட்டேன் என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று மரியாதையாகப் பதில் சொன்னார்.

"அவங்களுக்கு வேலை இருக்குதும்மா. நீங்க சொல்லுங்க, நாங்க கேட்டுக்கினு போயி அவங்களுக்குச் சொல்லிடறோம்."

ஒரு தறி, ஒரு மாத்திரை

சரசுவும் அம்சாவும் ஓரகத்திகள். பெரும்பாலும் ஓரகத்திகள் ஒரே வீட்டில் இருந்தால் நடுவில் ஒரு சுவர் எழும்பும். இவர்களுக்கு நடுவில் ஒரு தறிதான் இருந்தது. எங்கள் ஊரில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். சரசு சேலையின் உடலை நெய்வாள். அம்சா பக்கத்தில் உட்கார்ந்து, நூல் கோத்த நாடாவைக் கரைக்குத் தள்ளுவாள். பேசாமலே இரண்டு பேருக்கும் கை ஒத்துப்போகும்.

சரசுவுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை எழுதி ஆறு மாதம் ஆயிற்று. ஒரு நாள்கூடத் தவறாமல் போடுகிறாள், உப்பும் குறைத்திருக்கிறாள், ஆனால் பிரஷர் இறங்கவில்லை. டாக்டரம்மா குழம்பிப் போய், மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். நான் போய்ப் பார்த்தபோது, ஒவ்வொரு மாத்திரையும் பாக்கு வெட்டியால் நறுக்கினது போலச் சரிபாதியாக இருந்தது. நிஜமாகவே பாக்கு வெட்டியால்தான் நறுக்கியிருந்தார்கள். அம்சாவுக்கும் தலை சுற்றுகிறது என்று சரசு தன் மாத்திரையில் பாதியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அம்சாவைப் பரிசோதித்ததில் அவளுக்குக் கொதிப்பே இல்லை. ரத்தம் குறைவு, அதனால் தலை சுற்றல். ஒருத்திக்கு வேண்டியது பாதிதான் போயிற்று, இன்னொருத்திக்கு வேண்டாதது பாதி போயிற்று. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் நிற்க வைத்துத் திட்டினேன். சரசு தலையைக் குனிந்துகொண்டாள். அம்சாதான் பதில் சொன்னாள்.

"ஒரே தறியில உக்காந்து ஒரே சேலைய நெய்றோம். மாத்திரைய மட்டும் அவ தனியா துன்னா நல்லாவா இருக்குது?"

உட்கார்ந்த இடத்திலேயே செவிலிமேடு

தனலட்சுமிக்குச் சர்க்கரையும் இருக்கிறது, எடையும் கூடுதல். தினமும் அரை மணி நேரம் கை வீசி நட என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிற அவள் மகள், அம்மா நடக்கட்டும் என்று காலடியை எண்ணுகிற கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். அடுத்த மாதம் நான் போனபோது தனலட்சுமி பெருமையாக அதைக் காட்டினாள். ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் அடி, ஊர் ஓரத்துச் செவிலிமேடு வரைக்கும் போய்த் திரும்புகிற தூரம். எனக்குப் புல்லரித்துவிட்டது. மற்ற வீடுகளில் எல்லாம் தனலட்சுமியைப் பாருங்கள், தனலட்சுமியைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் எடை குறையவில்லை. சர்க்கரையும் அப்படியே நின்றது. எந்தப் பக்கம் நடக்கிறாள் என்று பார்க்க ஒரு நாள் காலையில் சொல்லாமல் போய் நின்றேன். தனலட்சுமி தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். நாடாவுக்கு ஒரு இழுப்பு, பலகைக்கு ஒரு தட்டு. ஒவ்வொரு இழுப்புக்கும் கடிகாரத்தில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. காலடி என்று அது எண்ணியதெல்லாம் கையடி. நான் சொல்லிப் பார்த்தேன், கடிகாரம் ஏமாந்துவிட்டது என்றேன். அவள் கேட்பதாக இல்லை.

"செவிலிமேடு வரைக்கும் போயிட்டு வந்தேன்னு வாட்சே சொல்லுது. உனக்கு என்னாத்துக்கு சந்தேகம்?"

என் முறை

யாருக்கு எவ்வளவு ரீடிங், கை நீட்டாதவர்கள் என்ன சாக்கு சொன்னார்கள் என்று நான் எழுதி வைக்கிற நோட்டுப் புத்தகத்தை மாதக் கடைசியில் கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். ஒரு தடவை அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, உங்க பிரஷர் எவ்வளவு என்று கேட்டார். நான் சிரித்தேன். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். வேலையில் சேர்ந்தபோது மிஷினைப் பழகிப் பார்க்க ஒருத்தருக்கொருத்தர் கட்டிக்கொண்டோம், அதுதான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்றேன்.

அவர் என் பையிலிருந்து என் மிஷினையே எடுத்து என் கையில் கட்டினார். நூற்று ஐம்பத்து நாலு. நானும் வாயைத் திறந்தேன். காலையிலிருந்து வெயிலில் நடந்தது, மாடிப்படி ஏறியது, பஸ் வராதது எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. அவர் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்க சொல்லப் போற காரணம் இதுல எந்தப் பக்கத்துல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நீங்களேதானே எழுதியிருக்கீங்க."

பல் வலி

இது கொஞ்சம் பெரிய கதை. ராஜேஸ்வரிக்கு நாற்பத்தெட்டு வயது. கணவரும் அவளும் நெய்கிறவர்கள், ஒரே மகள் கல்லூரியில் படிக்கிறாள். நான் அன்றைக்கு அவள் கணவருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்கத்தான் போனேன். ராஜேஸ்வரி தறியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கிராம்புத் தைலம் மணந்தது. பல் வலி, மூன்று நாளாக என்றாள். எந்தப் பல் என்று கேட்டேன். அது தெரியவில்லை, தாடை முழுக்க, இரண்டு பக்கமும் என்றாள். நாலு தடவை மிதித்து நெய்தால் வலிக்கிறது, நிறுத்தினால் விடுகிறது. அன்று காலையிலிருந்து நிறுத்தினாலும் விடவில்லை. முதுகில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று அதை ஒரு உபரித் தகவலாகச் சொன்னாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அவள் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது.

 டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். ஒரு நிமிஷமும் நிற்காமல் கூட்டி வாருங்கள், நடக்க விடாதீர்கள் என்றார். தெருமுனை ஆட்டோவை வாசலுக்கே வரவழைத்துவிட்டேன். ராஜேஸ்வரி எழுந்திருக்கவில்லை. சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுக்க இன்னும் ஒரு முழம்தான் பாக்கி, முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். பல் வலிக்கு யாராவது ஆட்டோவில் போவார்களா என்றாள். புடவை மாற்ற வேண்டும் என்றாள். அவள் கணவர் வாசலுக்கும் தறிக்குமாக நடந்தார். நான் அவரிடம், முழத்தை நீங்கள் முடித்துக்கொள்ளலாம், ஆள் இருந்தால்தான் அடுத்த சேலை என்று சொன்னேன். அப்படிச் சொன்னது தப்போ என்னவோ, மனிதர் அழுதுவிட்டார். அவர் அழுததைப் பார்த்துத்தான் ராஜேஸ்வரி எழுந்தாள். இரண்டு பேரும் தாங்கி ஆட்டோவில் உட்கார வைத்தோம்.

சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்தார்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. மாத்திரைகளைக் கொடுத்துக் கடித்து மெல்லச் சொல்லி, ஆம்புலன்ஸில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நானும் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க ராஜேஸ்வரி என் கையை விடவில்லை. ஆனால் பேசியதெல்லாம் மகளிடம் போனில், அரைத்த மாவு பொங்கிவிடும், எடுத்து உள்ளே வை என்பதுதான். வாலாஜாபாத் தாண்டினதும் போனை வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் ஆயிடாதில்ல" என்று மெதுவாகக் கேட்டாள். ஆகாது என்றேன். எனக்கு அது தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

அன்றைக்கே இதயக் குழாயின் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று அங்கே சொன்னார்கள். பத்து நாள் கழித்து அவள் வீடு திரும்பியபோது தெருவே வாசலில் நின்றது. இவ்வளவு நடந்திருக்கிறதே, நம்மைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வாள் என்று நானும் ஓரமாக, கொஞ்சம் அடக்கமாக நின்றேன். ராஜேஸ்வரி என்னைக் காட்டித்தான் பேசினாள்.

"பல்லு வலிக்குதுன்னுதான் இவகிட்ட சொன்னேன். கூட்டிக்கினு போயி நெஞ்சுல கம்பி வெச்சுக்கினு வந்துட்டா. பல்ல யாருமே பாக்கலை."

ராஜேஸ்வரியின் பிரசாரம்

டாக்டரம்மாவின் படமும் என் ஆறு வருஷப் பேச்சும் செய்யாததை ராஜேஸ்வரியின் வாய் செய்தது. ஓய்வில் இருக்கச் சொன்னதால் அவளுக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. பார்க்க வந்த ஒவ்வொருத்தியிடமும் முதலிலிருந்து சொன்னாள். தாடை, முதுகு, வேர்வை, எதையும் விடவில்லை. அடுத்த மாதம் நான் தெருவுக்குள் நுழைந்தபோது ஏழெட்டுப் பெண்கள் முந்தானையைத் தோளுக்கு மேலே தள்ளிவிட்டு, கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிஷினைத் துடைக்கிற சாக்கில் துடைத்துக்கொண்டேன்.

கூடவே இன்னொன்றும் வந்தது. அந்தப் பக்கம் யாருக்குப் பல் வலித்தாலும் பல் டாக்டரிடம் போவது நின்றுவிட்டது, என்னிடம்தான் வருகிறார்கள். போன வாரம் ஒரு பெண், வீங்கின கன்னத்தோடு, சொத்தைப் பல்லை விரலால் காட்டியபடி வந்து நின்றாள். நெஞ்சையும் பார்த்துவிடச் சொல்லி அவள் பிடிவாதம் பிடித்ததால் ஈசிஜி எடுத்தோம், சுத்தமாக இருந்தது. இது பல்தான், பல் டாக்டரிடம் போம்மா என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

"ராஜேஸ்வரிக்கு மட்டும் ஆம்புலன்ஸு, எனக்கு வெறும் பல்லா?"

பெண்களுக்கும் இதயம் உண்டு என்று ஊரில் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள், அதை அந்தப் பெண்களையே ஒத்துக்கொள்ள வைக்கத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.