கேட்டுவிட்டு நிறுத்துகிற கரண்ட்

தையல்காரம்மாவுக்கு மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியில் வேறொன்று பேசத் தெரியாது. நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டால் இடம், பொருள், ஏவல் எதுவும் பார்க்க மாட்டாள்.

அந்த நன்றி முழுக்க லைன்மேனுக்குத்தான். அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர்; நுரையீரல் கெட்டுப்போய்க் கட்டிலோடு கிடக்கிறார். தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின் கரண்டில் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் நின்றால் குழாயைக் கழற்றி சிலிண்டரில் மாட்ட வேண்டும். சிலிண்டரின் திருகோ லேசில் அசையாது. அதற்குள் மனுஷனுக்கு உதடு நீலம் பூத்துவிடும். ஒருதடவை அதைக் கண்ணால் பார்த்துவிட்ட லைன்மேன், அன்றிலிருந்து ரிப்பேர் வேலைக்காகக் கரண்டை நிறுத்துமுன் ஜன்னலோரம் வந்து, "அக்கா, நிறுத்தட்டுமா?" என்று கேட்பான். அவள் சிலிண்டரை மாட்டிவிட்டு "சரிப்பா" என்ற பிறகுதான் போவான். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான்.

அப்போதுதான் புதிய மின்கொள்கை மசோதா வந்தது. நிலக்கரியைக் குறைத்து வெயிலையும் காற்றையும் நம்பப் போகிறார்களாம். நல்லதுதான். ஆனால் கரண்ட் பற்றாத நேரத்தில் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டரே தெருத் தெருவாக நிறுத்திவிடுமாம். கம்ப்யூட்டருக்கு அக்கா ஏது, தங்கச்சி ஏது?

மசோதாவை ஆராயும் குழு, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று கூட்டம் போட்டது. பக்கத்து வீட்டுக்காரியைக் கணவருக்குத் துணை வைத்துவிட்டு அவள் போனாள்.

"மசோதா வேணாம்னு சொல்ல வரலைங்க. நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா போதும். எங்க லைன்மேன் தம்பி கேப்பாரு. நான் சரின்னு சொல்ற வரைக்கும் எவ்வளவு நேரமானாலும் நிப்பாரு. அவரு புண்ணியத்துலதான் என் வீட்டுக்காரர் இருக்காரு."

மேடையிலிருந்த மின்துறை அதிகாரி நிமிர்ந்தார். "குறிச்ச நேரத்துல நிறுத்தாம நிக்கிறாரா? யார் அவரு?"

அவளுக்குப் பகீர் என்றது. நன்றி சொல்லப் போய் அந்தப் பிள்ளையின் வேலைக்கே உலை வைத்துவிட்டாளே! "பேரு... மறந்துபோச்சுங்க" என்று உளறினாள். பொய் சொல்லிப் பழகாத முகம் வேர்த்துக் கொட்டியது.

மைக்குக்கு ஒயர் இழுத்துவிட்டுப் பின்னால் நின்றிருந்த லைன்மேன் கையைத் தூக்கினான். "நான்தாங்க."

"ரூல்ல அப்படி இருக்கா?"

"இல்லைங்க. உள்ள ஆள் மூச்சு விட்டுட்டிருக்காருங்க."

அதிகாரி அவன் பேரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். குழுத் தலைவியும் தன் மசோதாப் பிரதியின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டார்.

மசோதா சட்டமானபோது புதிதாக ஒரு பிரிவு இருந்தது. மூச்சு மெஷின் ஓடுகிற வீட்டுக்கு ஆள் போய்க் கேட்டு, வீட்டார் சரி என்ற பிறகே கரண்டை நிறுத்த வேண்டும். லைன்மேனுக்கோ, பழைய தாமதங்களுக்காக வேறு ஏரியாவுக்கு மாற்றல் வந்தது.

அவள் அழுதுகொண்டே அவன் வீட்டுக்கு ஓடினாள். "என் வாய்தாம்பா உன்னைக் கெடுத்துச்சு. உனக்கு எத்தனை ஜென்மம் கடன்பட்டிருக்கேனோ!"

"அட, நீங்க வேறக்கா!" என்று சிரித்தான் அவன். "புது ஏரியாவுலயும் மெஷின் வெச்ச வீடு மூணு இருக்காம். அங்க யார்கிட்டயும் திட்டு வாங்காம நிக்கலாம்."