பாலி ரீச்சரும் நின்றுபோன பாட்டும்

கியூபெக்கின் வில்லரேயில் நான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கார்டரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையொன்று மூன்று நாளாக விடாமல் அழுதது. நாலாம் நாள் அதன் தாய் ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் பிள்ளையின் முன்னால் முழங்காலை மடித்து நின்றார். கண்களை அகல விரித்து, கருமணிகளை வலக்கோடிக்கு ஒரு வெட்டு, இடக்கோடிக்கு ஒரு வெட்டு வெட்டினார். பிள்ளை அழுகையை நிறுத்தியது. பக்கத்தில் நின்ற ஆறு பிள்ளைகளும் வாயை மூடின. நானும்தான்.

அவர் பாலித்தீவில் பிறந்த நடனக்காரி. சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் வகுப்பு நடத்துகிறார் என்று அன்றுதான் அறிந்தேன். யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் பரதம் படித்த துணிச்சலில் நானும் போனேன். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்றாலும் முதல் நாளே அவர் எனக்கு ரீச்சர் ஆகிவிட்டார்.

முதுகை நேராக வைத்துப் பழகிய உடம்பு இது. அவரோ இடுப்பை ஒரு பக்கம் தள்ளு, முதுகை வளை, முழங்கையைத் தோளுக்கு உயர்த்து என்றார். சரிவராததால் பின்னால் வந்து என் கைகளைப் பிடித்து, தன் முழங்காலால் என் முழங்காலை இடித்து, பொம்மையைப் போல் ஆட்டினார்.

“நல்லாத்தான் நிக்கிறீர். ஆனா பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீர்.” அவருடைய அரைகுறைப் பிரெஞ்சை என் தமிழில் சொன்னால் அப்படித்தான் வரும்.

கண் பயிற்சி வீட்டுப்பாடம். தெருமுனை டெப்பனர் கடையில் பால் வாங்க நின்றபோது செய்துபார்த்தேன். கடைக்கார அண்ணை திடுக்கிட்டுப் பின்னால் திரும்பினார்.

“என்ன பிள்ளை, ஆரும் களவெடுக்கிறாங்களோ?”

“இல்லை அண்ணை, டான்ஸ் பழகிறன்.”

“கண்ணாலயோ?”

“ஓம்.”

அவர் பாலை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

ஒருநாள் மெட்ரோவில் ரீச்சர் தன் கதையைச் சொன்னார். ஆறு வயதில் தொடங்கி, கோயில் திருவிழாக்களில் ஆடியவராம். கியூபெக்காரர் ஒருவரைக் கலியாணம் செய்து இங்கே வந்ததும், டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் மரக்கறி வெட்டினார். ஆடாத உடம்பு விறைத்துவிடும் என்று பயந்து, இடைவேளைகளில் குளிரறைக்குள் ஒளித்து நின்று பழகினார். விருந்தாளிகள்மேல் பூத்தூவி வரவேற்கும் நடனம். பூவுக்குப் பதில் சலாது இலை. தலைமைச் சமையல்காரர் கதவைத் திறந்தபோது ஒரு பிடி இலை அவர் முகத்தில் விழுந்தது.

“பிறகு?”

“கதவைச் சாத்திப்போட்டுப் போனார். என்ர வேலை போச்சு எண்டு நினைச்சன். மற்ற ஆக்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்.”

அந்தச் சமையல்காரருடைய மகள்தான் ரீச்சரின் முதல் மாணவி.

போன மாசியில் புவாண்ட்-கிளேரில் ஒரு கடைத்தொகுதியில் அதே பூத்தூவும் நடனத்தை ஆட ரீச்சரையும் என்னையும் கூப்பிட்டார்கள். பாலி உடுப்பில் நெஞ்சிலிருந்து இடுப்புவரை நீளத்துணியைச் சுற்றி இறுக்க வேண்டும். ரீச்சர் ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்ததில் எனக்குப் பாதி மூச்சுத்தான் மிஞ்சியது.

ஆட்டத்தின் நடுவில் பாட்டு நின்றது. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. நான் பூத்தட்டுடன் சிலையானேன். ரீச்சர் ஓர் அசைவையும் விடவில்லை. வாயாலேயே வெண்கல வாத்தியங்களை வாசித்தார்.

“நொங், நிங், சிர், புங்!”

அவர் மூச்செடுக்க நிறுத்திய இடத்தில், என் வாய் என்னைக் கேட்காமலே “தா தை தை தத்” என்றது. ரீச்சரின் கண் என் பக்கம் வெட்டியது. அந்த நடனத்தில் அந்த இடத்தில் அப்படியொரு வெட்டு கிடையாது. நிறுத்தப் பயந்து தொடர்ந்தேன். நொங்கும் தத்துமாக எப்படியோ முடிவுக்கு வந்து, மிச்சப் பூ முழுவதையும் முன்வரிசைக் கிழவர் ஒருவரின் மடியில் கொட்டினேன். கிழவர்தான் முதலில் கைதட்டினார்.

திரைக்குப் பின்னால் வந்ததும் ரீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இறுக்கிய துணி சிரிக்க விடவில்லை; அவிழ், அவிழ் என்று கையால் காட்டினார். அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே நிகழ்ச்சிக்குப் பொறுப்பான பெண் ஓடிவந்து, வசந்தத்திலும் இதேபோல வாயால் பாடி ஆடுவீர்களா என்று கேட்டார். நான் யோசிக்குமுன் ரீச்சர் சம்மதித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உம்மட தா தை இன்னும் எவ்வளவு இருக்கு? எல்லாத்தையும் எனக்குச் சொல்லித் தாரும்.”

இப்போது வகுப்பு முடிந்த பிறகு அரை மணி நேரம் நான்தான் ரீச்சர். அவர் அவ்வளவு நல்ல மாணவி இல்லை. அரைமண்டியில் நிற்கச் சொன்னால் இடுப்பு தானாக ஒரு பக்கம் போய்விடுகிறது. நான் பின்னால் போய் நின்று ஓர் இடி கொடுக்கிறேன். அதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை அவரிடம் சொல்வதில்லை.