பச்சை நூல்

சங்கராபுரம் சாலையில் ஒரு கிரேன் நின்றிருந்தது. சூடேறிய ஹைட்ராலிக் எண்ணெய் வாசம் காருக்குள் வந்ததும், பாருங்கள், எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அப்போது கல்வராயன் மலையில் அப்பா பழைய டிராக்டர் வைத்து, வெட்டிய மரங்களை இழுத்துக்கொண்டிருந்தார். டிராக்டரின் பின்னாலிருந்த, மரம் இழுக்கும் வின்ச், இரும்புக் கயிற்றைப் பிடித்து நிற்காமல் நழுவவிட்டது. மெக்கானிக் பாஷா பாய் அதன் ஹைட்ராலிக் வால்வைக் கழற்றி, உள்ளே ஓடும் தண்டை டீசலில் கழுவித் தட்டில் வைத்தார்.

"துணி மட்டும் படக்கூடாது பாப்பா. ஒரு நூலு போதும், சிக்கிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தொழப் போனார்.

பளபளவென்று இருந்தால் மெச்சுவார் என்று தோன்றியது எனக்கு. பச்சைப் பாவாடை நுனியால் தண்டைத் தேய்த்து வைத்தேன்.

மாட்டி ஓட்டியதும் வால்வு சிக்கியது. பாதி மேடேறிய மரம் சரிந்து பள்ளத்தில் விழுந்தது. ஆட்கள் குதித்துத் தப்பினார்கள்.

பாய் மறுபடி கழற்றினார். உள்ளே பச்சை நூல். என் பாவாடையைப் பார்த்தார். நூலை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"இன்னா பாய் கழுவின, உன் மூஞ்சியையா?" என்று கத்தினார் அப்பா.

"என் தப்புதாங்க முதலாளி."

"இனிமே இந்தப் பக்கமே வராத!"

பையைத் தூக்கிக்கொண்டு பாய் நடந்தே மலையிறங்கினார். நான் பாவாடை நுனியைச் சுருட்டி மறைத்துக்கொண்டேன்.

இன்று பக்கத்தில் அமர்ந்திருந்த அப்பாவும் அந்த வாசத்தை மோந்தார். "ஒரு பாய் வால்வு கழுவத் தெரியாம ஆளுங்கள சாவடிக்கப் பாத்தானே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.